சுட்டுவிரல் இல்லாத கை

முதல் அச்சு மேசையின் ஓரத்தில் இருந்தது. பிளாஸ்டர் தூசி படிந்த கறுப்பு மேசையில் யாரோ கையை ஊன்றி எழுந்ததுபோல் ஓர் உள்ளங்கைத் தடம். லவினியா அதைத் தன்னுடையது என்றே நினைத்தாள். ஈரத்துணியால் துடைத்துவிட்டு வேலையைத் தொடர்ந்தாள்.

புதைபடிவங்களைத் துப்புரவாக்கிப் பழுதுபார்ப்பது அவளுடைய தொழில். மன்னாரிலிருந்து அகதியாக வந்த இன்னாசித்தம்பியின் ஒரே மகள். ஜெர்மனியின் ஹம் நகரத்தில் பிறந்து வளர்ந்தவள். அம்மா காலமான பிறகு அப்பாவோடு அதே வீட்டில் இருந்துகொண்டு, ரயிலில் அரைமணி நேரம் தள்ளியிருக்கும் சிறு நகரமொன்றின் அருங்காட்சியகத்துக்குப் போய்வந்தாள்.

அந்த அருங்காட்சியகத்தின் பெருமை ஒரு பிளீசியோசர். டைனோசர்கள் நிலத்தில் திரிந்த காலத்தில், நீண்ட கழுத்தோடும் நான்கு துடுப்புகளோடும் கடலில் நீந்திய விலங்கு. நூற்றைம்பது ஆண்டுகளுக்கு முன்பு, விக்டோரியா மகாராணியின் காலத்தில், இந்நகரத்துச் சுரங்க முதலாளி ஒருவர் அதை இங்கிலாந்தில் வாங்கிக் கப்பலேற்றினார். அங்கே தென்கரைக் குன்றுகள் மழைக்குச் சரியும்போதெல்லாம் எலும்புகள் வெளியே வந்தன. உலகம் வேதாகமம் சொல்வதைவிட எவ்வளவு பழையது என்று கனவான்கள் மண்டபங்களில் வாதாடிக்கொண்டிருந்தபோது, கூலியாட்கள் குன்றின் அடியில் சேற்றில் நின்று கல்லை உடைத்தார்கள். முழு உருவாக இருந்தால்தான் நல்ல விலை. அதனால் வியாபாரிகள் இல்லாத இடங்களைப் பிளாஸ்டரால் நிரப்பினார்கள், வேறு விலங்கின் எலும்புகளைச் செருகினார்கள், மேலே கரியும் வார்னிஷும் பூசி எல்லாவற்றையும் ஒரே நிறமாக்கினார்கள். எலும்புக்கூட்டைத் தாங்கிய மரச்சட்டத்தின் பித்தளைத் தகட்டில் வாங்கியவரின் பெயர் இருந்தது, விலங்கை ஆராய்ந்த பேராசிரியரின் பெயரும் இருந்தது. தோண்டி எடுத்தவர் யாரென்று எங்கேயும் இல்லை.

புதிய கண்காட்சிக்கு முன் உண்மையான எலும்பு எது, ஒட்டுவேலை எது என்று பிரித்துச் சொல்ல வேண்டியதுதான் லவினியாவின் பொறுப்பு.

இரண்டாவது அச்சு சன்னல் கட்டையில் தெரிந்தது. அதை அவள் உடனே துடைக்கவில்லை. பெருவிரல், நடுவிரல், மோதிரவிரல், சின்னவிரல் எல்லாம் தெளிவாகப் பதிந்திருந்தன. சுட்டுவிரல் இருக்கவேண்டிய இடத்தில் ஒரு வட்டக் கறை மட்டும். அவள் தன் வலக்கையைத் தூசியில் ஊன்றிப் பார்த்தாள். ஐந்து விரலும் பதிந்தன. சுட்டுவிரலை மடக்கிக்கொண்டு ஊன்றினாள். மடங்கிய விரலின் முட்டி கோடாக விழுந்தது. வட்டம் வரவில்லை.

பட்டறைக்கு வேறு யாரும் வருவதில்லை. துப்புரவுப் பெண்மணிகூடக் கதவு வரைக்கும்தான். அன்று லவினியா சன்னலுக்கு முதுகைக் காட்டாமல் மேசையைத் திருப்பிப் போட்டுக்கொண்டு வேலை செய்தாள். சின்ன ஊசியால் வார்னிஷைச் சுரண்டும்போது எழும் சத்தம், அவள் கையை நிறுத்திய பிறகும் ஒரு கணம் கூடுதலாகக் கேட்பதுபோல் இருந்தது. இரண்டொரு தடவை நிறுத்திப் பார்த்தாள். பிறகு நிறுத்திப் பார்க்கவே பயமாக இருந்தது.

அருங்காட்சியகத்திடம் எக்ஸ்ரே கருவி இல்லை. சுற்றுவட்டாரத்துப் பண்ணைகளில் குதிரைகளைப் பார்க்கும் மருத்துவர் ஒருவர் தன் கையடக்கக் கருவியைக் கொண்டுவந்தார். கழுத்தெலும்பில் பாதி பிளாஸ்டர். விலாவில் இரண்டு முதலையுடையவை. இதெல்லாம் லவினியா எதிர்பார்த்ததுதான். முன் இடது துடுப்புக்கு வந்ததும் மருத்துவர் திரையைக் கிட்டே இழுத்தார்.

பிளீசியோசரின் துடுப்பு, நடுவில் ஒடுங்கிய சின்னச் சின்ன எலும்புகள் வரிசையாக அடுக்கியது. கல்லாகிப்போன அந்த எலும்புகள் திரையில் திண்மையாகத் தெரிந்தன. ஒரு வரிசையின் நுனியில் மட்டும் மூன்று எலும்புகள் மங்கலாக, நடுவில் குழல்போல வெறுமையோடு இருந்தன.

"இவை கல்லாகவில்லை. எலும்புக்குள்ளே மச்சை இருந்த குழி அப்படியே இருக்கிறது" என்றார் மருத்துவர். பிறகு தன் கையை விரித்து, திரைக்கு முன் பிடித்து, சுட்டுவிரலை மெல்ல மடக்கி நீட்டினார்.

லவினியா அவருடைய விரலையே பார்த்தாள். சன்னல் கட்டையைப் பற்றி அவள் அவரிடம் பேசவில்லை.

மனித எலும்பு என்றால் பொலிசுக்குச் சொல்லவேண்டும். வந்தார்கள், எடுத்துக்கொண்டு போனார்கள். சில வாரங்களில் ஆய்வுகூடத்தின் முடிவு வந்தது. வளர்ந்த ஒருவரின் வலக்கைச் சுட்டுவிரல். எலும்புக்கூடு விற்கப்பட்ட காலத்தைச் சேர்ந்தது. விரலின் அடிப்பகுதியில் நசிந்து அறுந்த தடயம். சட்டப்படி விசாரிக்க ஒன்றுமில்லை. மூன்று எலும்புகளும் ஒரு சிறு அட்டைப் பெட்டியில் திரும்பிவந்தன.

இயக்குநர் பிரிங்மன் அம்மையாருக்கு அது எதிர்பாராத அதிர்ஷ்டம். "தனிக் கண்ணாடிப் பெட்டி வைப்போம். தனி விளக்கு. விக்டோரியா காலத்துப் பித்தலாட்டத்துக்கு இதைவிடச் சாட்சி வேண்டுமா? பெர்லினிலிருந்தே ஆட்கள் வருவார்கள்."

"இது ஒருவருடைய விரல்" என்றாள் லவினியா.

"யாருடையது என்று சொல்லுங்கள், கேட்டு அனுமதி வாங்குகிறேன்" என்றார் அம்மையார். அவர் கெட்டவர் அல்ல. கூரை ஒழுகும் அருங்காட்சியகத்தை ஆட்கள் வந்தால்தான் நகரசபை காப்பாற்றும் என்று அவருக்குத் தெரியும்.

அன்று மாலை சாப்பாட்டு மேசையில் லவினியா அப்பாவிடம் எல்லாவற்றையும் சொன்னாள். கை அச்சுகளையும் சொன்னாள். அவர் சிரிப்பார் என்று நினைத்தாள்.

இன்னாசித்தம்பி கம்பித் தொழிற்சாலையில் வேலை செய்து ஓய்வு பெற்றவர். கரண்டியைக் கீழே வைத்தார்.

"எங்கட வேலைப் பகுதியில ஒரு போலந்துக்காரன் இருந்தவன், பிள்ளை. மெசினுக்க அகப்பட்டு அவன்ர விரல் அறுந்து போட்டுது. அவன் நோகுது எண்டு கத்தேல்லை. விரல் எங்க, விரல் எங்க எண்டுதான் கேட்டவன். ஆஸ்பத்திரிக்கு ஏத்தேக்கையும் திரும்பித் திரும்பி நிலத்தைத்தான் பாத்தவன்."

"அது நூற்றைம்பது வரியத்துக்கு முந்தின ஆள், அப்பா."

"அதுக்கென்ன? தேடுறவனுக்கு வரியம் தெரியுமோ?"

சாப்பாட்டை முடிக்காமலே அவர் எழுந்துவிட்டார். ஏன் என்று லவினியாவுக்குத் தெரியும். அவருடைய தம்பி யூட் தொண்ணூறாம் ஆண்டு மன்னாரில் ஒரு பேருந்திலிருந்து இறக்கப்பட்டவர். அதன்பிறகு எந்தச் செய்தியும் இல்லை. அந்த வீட்டில் யூட் சித்தப்பாவுக்காக ஆத்துமத் திருப்பலி ஒருபோதும் ஒப்புக்கொடுக்கப்படவில்லை. செத்தவர்களுக்குத்தான் அது.

கண்காட்சிக்குச் சில நாட்கள் முன்பு புதிய கண்ணாடிப் பெட்டி வந்து இறங்கியது. பிரிங்மன் அம்மையார் எலும்புகளைக் கறுப்பு வெல்வெட்டில் தானே அடுக்கி, கண்ணாடியின் உள்பக்கத்தைத் தானே மெருகுத்துணியால் துடைத்து, பூட்டி, சாவியைத் தன் கைப்பையில் போட்டுக்கொண்டார்.

மறுநாள் காலை லவினியா வந்தபோது அவர் மண்டபத்தின் நடுவில் மேலங்கியைக்கூடக் கழற்றாமல் நின்றார்.

"நீங்கள் இதைத் திறந்தீர்களா?"

"என்னிடம் சாவி இல்லையே."

"எனக்குத் தெரியும்" என்றார் அம்மையார். அவர் குரல் சன்னமாக இருந்தது. "எனக்குத் தெரியும், இருந்தாலும் கேட்கிறேன்."

காலை வெயில் கண்ணாடியில் சாய்வாக விழுந்திருந்தது. உள்பக்கத்தில், எலும்புகளுக்கு நேர் மேலே, வெள்ளைத் தூசியில் ஒரு வலக்கை. பெருவிரலும் மூன்று விரல்களும் அகல விரிந்திருந்தன. சுட்டுவிரலின் இடத்தில் அந்த வட்டம். பட்டறையின் அச்சுகள் ஊன்றிய கையைப் போல இருந்தன. இது அப்படியில்லை. ஏதோ ஒன்றை எடுக்கப் போய்க் கண்ணாடி தடுத்துவிட்டதுபோல விரல்நுனிகள் அழுந்திப் பதிந்திருந்தன.

வெளியே பள்ளிக்கூடப் பேருந்து ஒன்று நின்று புறப்பட்டது.

அம்மையார் கைப்பையைத் திறந்து சாவியைத் தேடினார். எடுத்தபோது அது கீழே விழுந்தது. லவினியா எடுத்துத் திறந்தாள். வெல்வெட்டிலிருந்து எலும்புகளை ஒவ்வொன்றாக எடுத்து அட்டைப் பெட்டியில் வைத்தாள். ஒவ்வொரு தடவையும் தன் கை பெட்டிக்குள் போகும்போது, யாரோ வழிவிட்டு விலகி நிற்பதுபோல் அவளுக்குத் தோன்றியது.

"கல்லறை அலுவலகத்தில் நேரம் குறித்துக்கொள்கிறேன்" என்றார் பிரிங்மன் அம்மையார். "காரணம் கேட்டால் என்ன சொல்வது?"

"மனித எலும்பு என்று சொல்லுங்கள். அது போதும்."

அடக்கம் ஒரு வெள்ளிக்கிழமை முற்பகலில் நடந்தது. நகரத்துக் கல்லறையின் மதிலோரம் தோட்டக்காரர் ஒரு சின்னக் குழி வெட்டி வைத்திருந்தார். இன்னாசித்தம்பி கோட்டும் கழுத்துப்பட்டியும் அணிந்து வந்து, பெட்டியைத் தானே சுமப்பேன் என்று வாங்கிக்கொண்டார். ஆள் எந்தச் சபையைச் சேர்ந்தவர், ஆணா பெண்ணா என்றே தெரியாததால் இளம் குருவானவர் கொஞ்சம் தடுமாறினார். கடைசியில் "உமது பிள்ளை" என்று மட்டும் சொல்லிச் செபித்தார். பிரிங்மன் அம்மையார் ஒரு பிடி மண் போட்டார். அவர் கோயிலுக்குப் போகிறவர் அல்ல.

அதன்பிறகு பட்டறையில் கை அச்சு எதுவும் விழவில்லை. ஆனாலும் லவினியா வீட்டுக்குப் போகும்போது மேசைத் தூசியைத் துடைக்காமல் விட்டுவிட்டுப் போவாள். காலையில் மேலங்கியைக் கழற்றுவதற்கு முன்பே போய்ப் பார்ப்பாள். எதைப் பார்க்க விரும்பினாள் என்று அவளுக்கே தெரியவில்லை.

அடக்கம் முடிந்த அன்று ஹம்முக்குப் போகும் ரயில் தாமதம். அப்பாவும் மகளும் நிலையத்து மர வாங்கில் உட்கார்ந்திருந்தார்கள். லவினியா கேட்டுவிட்டாள்.

"அப்பா, யூட் சித்தப்பாக்கும் ஒரு பூசை குடுப்பமோ?"

இன்னாசித்தம்பி தண்டவாளத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். கோபப்படவில்லை.

"ஏலாது, பிள்ளை. இதில ஒரு விரலாவது இருந்தது."

பிறகு, பக்கத்தில் இருக்கும் ஒருவரைப் பற்றிச் சொல்வதுபோல அவரே பேசினார். "இந்த ஐப்பசியோட அவனுக்கு அறுபத்திரண்டு. சீனி வருத்தம் வந்திருக்கும். எங்கட ஆக்கள் எல்லாருக்கும் அந்த வயசில வந்திட்டுது. அவனுக்கு ஊசியெண்டாப் பயம். மாத்திரையை எண்டாலும் நேரத்துக்கு ஆரும் எடுத்துக் குடுப்பினமோ தெரியேல்லை."

லவினியா சித்தப்பாவைக் கண்டதேயில்லை. ஆனால் அந்தக் கணத்தில், வாங்கின் மறு நுனியில் வயதான ஒரு மனிதர் மருந்துக்காகக் காத்துக்கொண்டு இருப்பதுபோல் உணர்ந்தாள். திரும்பிப் பார்க்க அவள் துணியவில்லை.

"குடுப்பினம், அப்பா" என்றாள்.

"ஓம்" என்றார் அவர். "ஆராவது குடுப்பினம்."

ரயில் வந்தது. அவர் முதலில் ஏறி, சன்னலோரம் அவளுக்கு இடம் பிடித்தார்.