பதினைந்து சதுர அடி

சதுரங்கப்பட்டினத்துக் கால்வாய்க் கரையில் பீடிக்கட்டுக் காகிதத்தின் பின்பக்கம் ஆபிரகாம் போட்ட வகுத்தலில் ஒரு தப்பும் இல்லை. அதுதான் வயிற்றெரிச்சல். செய்யூர் ரைஸ்மில்லுக்குப் படகில் வந்த ஆயில் இஞ்சின் நாலாயிரத்து ஐந்நூறு பவுண்டு. கரைச் சேறு சதுர அடிக்கு முந்நூறு பவுண்டு தாங்கும். ஆக, பதினைந்து சதுர அடி போதும். பத்தடி நீளம், முக்காலடி அகலத்தில் பிளந்த பனங்கட்டை நாலை இஞ்சினுக்குக் கீழே கட்டி இழுத்தால் முப்பது சதுர அடி, வேண்டியதற்கு இரட்டிப்பு. அவன் தெருவிலிருந்து ஓவர்சீயரான முதல் ஆள், கொஞ்சம் மிதப்பு இருக்கத்தானே செய்யும்.

கயிறு பிடிக்க வந்தவர்களில் தங்கை சாராளின் புருஷன் தாவீதும் இருந்தான். ஒரு கட்டையைக் காலால் உருட்டிப் பார்த்தான். "இன்னா மச்சான், உருண்ட பக்கம் கீழ வருது? கவுத்துப் போடலாமா?"

"கவுத்தா மேல இஞ்சின் உக்காராது, குறுக்குப் பலகை அடிக்கணும். தண்ணி ஏறிகினு கீது. கணக்கு போட்டாச்சு, நீ கயித்தப் புடி."

தாவீது பிடித்தான். பாதி வழியில் இடப்பக்கக் கட்டைகள் புதைந்து, இஞ்சின் அவன்மேல் சாய்ந்தது. வலது காலை முழங்காலுக்குக் கீழே செங்கல்பட்டு ஆஸ்பத்திரியில் எடுத்துவிட்டார்கள்.

ஆஸ்பத்திரி வராந்தாவில்தான் ஆபிரகாமுக்கு உறைத்தது. முக்காலடி என்பது கட்டையின் மேல்பக்க அகலம். சேற்றைத் தொட்டது உருண்டை முதுகு, மூன்று அங்குலம் இருந்தால் அதிகம். முப்பது அல்ல, பத்து சதுர அடி.

கேட்டவரிடமெல்லாம் தாவீது ஒரே பேச்சுதான் பேசினான்: "மச்சான் கணக்கு பொய்யா போவுமா? நான்தான் வழுக்கிட்டேன்." சாராளும் அதை நம்பி அண்ணனுக்கு மீனாக வறுத்து வைத்தாள். அவனுக்கு ஒரு வாய் இறங்கவில்லை. ஞாயிறுதோறும் சொல்லிவிடத்தான் வருவான், சொல்லாமலே போவான். அவ்வளவு கோழை.

மூன்றாம் மாதம் தாவீது கக்கத்துக் கழியோடு கடற்கரைக்குக் கிளம்பினான். ஒவ்வொரு எட்டிலும் கழி மணலில் இறங்கி மாட்டியது. ஒரு சதுர அங்குல முனை, அதன்மேல் பாதி உடம்பு. மறுநாள் ஆபிரகாம் வட்டமாக ஒரு பலகை அறுத்துக் கழியின் அடியில் அடித்துக் கொடுத்தான். அடிப்பக்கம் தட்டையாக இருக்கிறதா என்று விரலால் இரண்டு முறை தடவினான்.

"இதுக்கும் கணக்கு போட்டியா மச்சான்?" தாவீது சிரித்தான்.

"போட்டேன். அன்னிக்கு..."

தாவீதின் சிரிப்பு நின்றது. "தெரியும் மச்சான். நான்தானே உருட்டிப் பாத்தேன். சாராள்கிட்ட மட்டும் சொல்லாத."

திரும்பிக் கடலோரமாக நடந்தான். ஈர மணலில் அவன் பின்னால் ஒரு பாதம், ஒரு வட்டம், ஒரு பாதம், ஒரு வட்டம். எந்த வட்டமும் விரற்கடை ஆழம்கூட இறங்கவில்லை.