ஆணியில் மாட்டிய முகம்

"அண்ணி, தப்பா நெனைச்சுக்காதீங்க. பூச முடியிற வரைக்கும் பின்னாடி அலுமினிய டின்னு கொட்டியிருக்கிற பக்கம் இருங்களேன். முன்னாடி வரவேணாம்."

இதைச் சொல்லும்போது பரமேஸ்வரன் நிர்மலாதேவியின் முகத்தைப் பார்க்கவில்லை. கையிலிருந்த எலுமிச்சம்பழத்தைப் பார்த்துச் சொன்னான்.

ஆயுத பூசை நாள். பாயா ரும்புட் ஊரின் பழைய இரும்புக் கடையில் தராசும் லாரியும் குளித்து, மாலை போட்டுக்கொண்டு மாப்பிள்ளை மாதிரி நின்றன. கடையை நடத்துகிற நிர்மலா மட்டும் நல்ல காரியத்துக்கு ஆகாதவளாகிவிட்டாள். அவள் புருஷன் கந்தசாமி இறந்துபோய் ஒன்றரை வருஷம்.

அவர் போன நேரம்தான் செம்புக் கம்பித் திருட்டு பெருகி, அரசாங்கம் கெடுபிடியை இறுக்கியது. சாமான் கொண்டுவருகிறவனின் அடையாள அட்டையை, அந்த ஐ.சி.யை நகலெடு, ஆளைப் படம் பிடி, எங்கே கிடைத்தது என்று எழுதி வாங்கு! படிவத்தைக் கண்டாலே கொழுந்தன் பரமேஸ்வரனுக்குக் காய்ச்சல் வரும். போலீஸ் நிலையத்துக்கும் நகராண்மைக் கழகத்துக்கும் நடையாய் நடந்து, தன் பேரில் லைசன்ஸ் வாங்கியவள் நிர்மலாதான். அதில் அவள் படமும் இருந்தது, பொட்டில்லாத நெற்றியோடு. உள்ளே நுழைகிறவர் கண்ணில் முதலில் படும்படி மாட்டவேண்டும் என்பது சட்டம்; கண்ணாடி போட்டு வாசல் சுவரில் ஆணியடித்து மாட்டியிருந்தாள்.

பரமேஸ்வரன் இப்போதுதான் அதைக் கவனித்தான். ஆளைப் பின்னால் அனுப்பினால் மட்டும் போதுமா, முகம் வாசலிலேயே நிற்கிறதே! சட்டென்று கழற்றினான்.

"தம்பி, அத மட்டும் எடுக்காதீங்க. இந்த வாரம் எல்லாக் கடையிலயும் செக்கிங் நடக்குது."

"அரை மணி நேரம்தான் லா, அண்ணி."

லைசன்ஸ் மேசை டிராயருக்குள் குப்புறப் படுத்தது. நிர்மலா தகரச் சுவருக்குப் பின்னால் போய், ஒரு காலி டின்மேல் உட்கார்ந்தாள். அழுகை வரவில்லை. கோபம்தான் வந்தது.

பரமேஸ்வரன் தேங்காயை ஓங்கிய நேரத்தில் செக்கிங் வேன் வந்து நின்றது. இறங்கிய மலாய்க்கார அதிகாரி நேராகச் சுவரைப் பார்த்தார். ஆணி மட்டும் இருந்தது.

"லெசென் மானா?" லைசன்ஸ் எங்கே என்று மலாயில் கேட்டார்.

பரமேஸ்வரன் டிராயரை இழுத்து, லைசன்ஸை எடுத்து நீட்டினான். அதிகாரி படத்தைப் பார்த்தார், அவன் மீசையைப் பார்த்தார். படத்திலிருக்கும் இந்தப் புவான், இந்த அம்மா எங்கே என்று கேட்டார். பூசை நேரத்தில் அவளை எப்படிக் கூப்பிடுவது? வெளியே போயிருக்கிறார் என்று மலாயில் உளறி வைத்தான். லைசன்ஸும் மாட்டவில்லை, உரிமையாளரும் இல்லையா? அப்படியானால் இப்போதே கேட்டுக்குச் சீல் என்றார் அவர்.

பரமேஸ்வரன் பின்பக்கம் ஓடிவந்தான். "அண்ணி, சீக்கிரம் வாங்க! கடைக்குச் சீல் வைக்கப்போறாங்க!"

"பூச முடிஞ்சிருச்சா தம்பி?"

"இல்ல அண்ணி..."

"முடியட்டும். அரை மணி நேரம்தானே லா."

பின்னாலேயே வந்த லாரி டிரைவர் தம்புசாமி சிரிப்பை அடக்க இருமினான். பரமேஸ்வரன் இறங்கி வந்தான். "நான் சொன்னது தப்புதான் அண்ணி. வாங்க."

நிர்மலா எழுந்து, சேலையைத் தட்டிக்கொண்டு, வாசல் வழியாகவே நடந்தாள். பின்னால்தான் இருந்தேன் என்று அதிகாரியிடம் சொன்னாள். லைசன்ஸை ஆணியில் மாட்டினாள். ஐ.சி. நகல்களை எடுத்து வைத்தாள். எல்லாம் ஒழுங்காக இருந்தன. இனி இதைக் கழற்றினால் மன்னிப்பில்லை என்று எச்சரித்துவிட்டு அதிகாரி கிளம்பினார்.

பூசை தொடர்ந்தது. பரமேஸ்வரன் தராசுக்குக் குங்குமம் வைத்தான், லாரிக்கு வைத்தான். கடையைக் காப்பாற்றியதாயிற்றே என்று, லைசன்ஸ் கண்ணாடிக்கும் பயபக்தியோடு வைத்தான். அது படத்தின் நெற்றியில் சரியாகப் போய் உட்கார்ந்தது. பிறகு குங்குமத் தட்டை எல்லோரிடமும் காட்டிக்கொண்டே வந்தான். நிர்மலாவிடம் வந்ததும் தட்டு வளைந்து அடுத்த ஆளிடம் போனது.

"தம்பி, நில்லுங்க. கண்ணாடிக்கு வெச்சீங்களே, அது யாரு நெத்தி?"

அவன் லைசன்ஸைத் திரும்பிப் பார்த்தான். நிர்மலா தட்டிலிருந்த குங்குமத்தை விரலால் தொட்டு, தன் நெற்றியில் பளிச்சென்று வைத்துக்கொண்டாள்.

வாசலில் ஒருவர் பழைய குழாய்களோடு மோட்டார் சைக்கிளை நிறுத்தினார்.

"வாங்க அண்ணே, ஐ.சி. எடுங்க," என்றாள் நிர்மலா.