கைப்பிடியின் உயரம்

மருதாவின் கனம் மூன்று கட்டு. தண்டாயுதபாணி ஒரு பனியன் கம்பெனியில் கட்டிங் மாஸ்டர். கம்பெனித் தராசின் ஒரு தட்டில் மகளை உட்கார வைத்து, மறு தட்டில் நூல் கட்டுகளை ஒவ்வொன்றாக அடுக்கினான். மூன்றாவது கட்டில் முள் நேராக நின்றது. ஒரு கட்டு நாலரைக் கிலோ. ஆறு வயதுக் குழந்தைக்கு அது குறைச்சல்தான். இடுப்பில் வைத்துக்கொண்டு அரை மைல் நடக்கிறவளுக்கு ஒன்றும் குறைச்சலில்லை.

நடக்கிறவள் சாரதாமணி, அவன் மனைவி. பிறந்த வீட்டிலும் சரி, புகுந்த வீட்டிலும் சரி, காலேஜ் வாசலை மிதித்த ஒரே ஆள். பி.ஏ., பி.டி. உயரம் ஐந்தடி ஒன்பது அங்குலம். இப்படி வளர்ந்தும் தொலைத்து, படித்தும் தொலைத்தவளை யார் கட்டுவான் என்று வீட்டார் மூன்று வருஷம் அலைந்தார்கள். கடைசியில் ஆறடி ஓரங்குலத்தில் தண்டாயுதபாணி அகப்பட்டான். எட்டாவதோடு நின்றவன். மற்றப் பொருத்தம் எதையும் யாரும் பார்க்கவில்லை.

மருதாவுக்கு இரண்டு வயதில் காய்ச்சல் வந்தது. நாலாம் நாள் காய்ச்சல் இறங்கியபோது இரண்டு கால்களும் துவண்டு கிடந்தன. முதல் வருஷம் முழுக்க சாரதாமணி அழுதாள். ஆஸ்பத்திரி, வைத்தியர், மருதமலை என்று எல்லாப் படியும் ஏறி இறங்கிய பிறகு அழுகை நின்றது. அதன் இடத்தில் வேறெதுவும் வரவில்லை. பல் பிடுங்க மருந்து போட்ட ஈறு மாதிரி, கடித்தாலும் தெரியாது. கோபம் மட்டும் மிச்சமிருந்தது. அது நேரே வாய்க்கு வந்து, சொல்லாகி, போய்விடும்.

இப்போது மங்கலத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் அவளுக்கு வேலை கிடைத்திருந்தது. ஜூன் நாலாம் தேதி, திங்கட்கிழமை சேர வேண்டும். மருதாவையும் அங்கேயே ஒன்றாம் வகுப்பில் சேர்க்கத் தலைமையாசிரியர் சம்மதித்தார். சம்மதத்துக்குக் கீழே ஒரு நிபந்தனை.

"தூக்கறதுக்கு இங்க ஆளில்லீங்க டீச்சர். பஸ் ஸ்டாண்டுல இருந்து அரை மைல். நீங்களே தூக்கீட்டு வந்து, மூச்சு வாங்கீட்டு நின்னா கிளாஸை யார் பாக்கறது?"

அவளாலும் இனித் தூக்க முடியாது. முதுகெலும்பைத் தட்டிப் பார்த்த டாக்டர், இன்னும் ஒரு வருஷம் இப்படித் தூக்கினால் குழந்தையோடு நீங்களும் படுக்க வேண்டியதுதான் என்று சொல்லிவிட்டார். ஒரு தள்ளு வண்டி வேண்டும். மங்கலம் பஸ்ஸின் கண்டக்டரையும் அவள் கேட்டு வைத்திருந்தாள். "தேராட்ட வண்டியெல்லாம் ஏத்த முடியாதுங்க டீச்சர். மடக்கி மடியில வெக்கற சாமானா இருந்தா ஏறுங்க, நான் ஒண்ணுஞ் சொல்லல."

ஆக, ஒரு கையால் தூக்கும்படி லேசாக இருக்க வேண்டும். மூன்று கட்டு தாங்க வேண்டும். மடங்க வேண்டும். குனியாமல் தள்ளுகிற உயரத்தில் கைப்பிடி இருக்க வேண்டும். திங்கட்கிழமைக்குள் அப்படி ஒன்று கிடைக்காவிட்டால் வேலை வேறொருத்திக்குப் போகும். மருதா ஜன்னலோரப் பாயில் இன்னொரு வருஷம் கிடப்பாள். சாரதாமணி இதைக் கணக்குப் பாடம் மாதிரிக் கணவனிடம் சொன்னாள். அவன் சனிக்கிழமை லீவு போட்டான்.

சனிக்கிழமை காலையில் இருவரும் மூன்று நூல் கட்டுகளைச் சாக்குப் பையில் போட்டுக்கொண்டு கோயமுத்தூருக்குக் கிளம்பினார்கள். குழந்தையைப் பார்த்துக்கொள்ள வந்த பக்கத்து வீட்டுக் கண்ணம்மாள் பையை எட்டிப் பார்த்தாள்.

"ஏனுங் மாஸ்டரே, கம்பெனிக்கு லீவு போட்டுட்டு நூல் யாவாரமா?"

"குழந்தைக்கு வண்டி பாக்கப் போறமுங்க."

"வண்டிக்கு எதுக்குங்க நூலு?"

"ஏத்திப் பாக்கோணுமில்லீங்க. இன்னைக்கு இதுதான் மருதா."

"புள்ளையவே கூட்டீட்டுப் போறது?"

சாரதாமணி செருப்பை மாட்டிக்கொண்டே சொன்னாள்: "அவளைக் கூட்டீட்டுப் போனா ஒருத்தனும் வண்டியக் காட்ட மாட்டானுங்க. காலைப் பாத்து உச்சுக் கொட்டீட்டு, விக்காம கிடக்கறதைத் தலையில கட்டுவான்."

முதல் கடை பெரிய கடை. கண்ணாடிக்குள்ளே நீல வண்டி, பச்சை வண்டி, மேலே கூண்டு, கீழே ஸ்பிரிங். தொட்டில் மாதிரி ஆடியது. சாரதாமணி கைப்பிடியைப் பிடித்தாள். அது அவள் தொடையில் இருந்தது. தண்டாயுதபாணி பிடித்தபோது தொட்டியில் தண்ணீர் குடிக்கும் மாட்டைப் போல வளைந்தான்.

"இது ஏனுங்க இவ்வளவு பள்ளத்துல இருக்குது?" என்றான்.

கடைச் சிப்பந்தி சிரித்தான். "அது சரியான உயரந்தானுங்க. ஆயாங்க தள்றது. ஆயாங்கெல்லாம் கட்டையாத்தான இருப்பாங்க."

"அப்ப அம்மாக்காரி?" என்றாள் சாரதாமணி.

"அம்மாங்க கூட நடந்து வருவாங்க."

"இங்க ஆயாவும் நான்தான், அம்மாவும் நான்தான். ஆயா முதுகு மட்டும் குனியறதுக்குன்னே செஞ்சு வெச்சிருக்குதா?"

சிப்பந்தி பக்கத்து வாடிக்கையாளரைப் பார்க்கப் போய்விட்டான். வண்டியை ஒரு கையால் தூக்கிப் பார்த்தாள். முன் சக்கரம் மட்டும் எழும்பியது. அந்த வண்டி மடங்கவும் இல்லை.

இரண்டாவது கடையில் பிரம்பு வண்டி இருந்தது. லேசானதுதான். மூன்றாவது கட்டு ஏறியதும் அடியில் எங்கேயோ முறுக்கென்று சத்தம் கேட்டது. கடைக்காரர், "குழந்தைய ஏத்தச் சொன்னா மூட்டைய ஏத்தறீங்களே" என்று கத்தினார். மூன்றாவது கடையில் ஒன்றுமே இல்லை. மதிய வெயிலில் கட்டுகளைச் சுமந்துகொண்டு இருவரும் நடந்தார்கள். தண்டாயுதபாணி வழியில் ஒரு கடையில் மோர் வாங்கிக் கொடுத்தான். அவள் குடித்தாள். கசந்ததா, புளித்ததா என்று அவளுக்குத் தெரியவில்லை.

நாலாவது, ஒரு பழைய சாமான் கடை. மலையிலிருந்து ஊர் திரும்பிய எஸ்டேட் துரை ஒருவரின் சாமான்களை ஏலத்தில் எடுத்துக் குவித்திருந்தார் கடைக்காரக் கிழவர். மேஜை விளக்கு, கோல்ஃப் மட்டை, பீங்கான். அவற்றுக்கு நடுவில், இரண்டு பெரிய குடைகளைச் சேர்த்துக் கட்டியது போல ஒன்று சுவரில் சாய்ந்திருந்தது. மேலே இரண்டு வளைந்த பிடிகள். கீழே சின்னச் சின்னச் சக்கரங்கள்.

"இது என்னங்க?"

"தெரீலீங்க. குடைன்னு எடுத்தேன். சக்கரம் இருக்குது, அதனால குடையில்ல" என்றார் கிழவர்.

தண்டாயுதபாணி அதைத் தரையில் வைத்துக் காலால் ஒரு கம்பியை அழுத்தினான். இரண்டு பக்கமும் விரிந்து, நடுவில் கோடு போட்ட துணி தொங்கியது. ஓர் உட்காரும் இடம். குழந்தை வண்டி. கிழவர் வாயைப் பிளந்தார். "எட்டு மாசமா ஒட்டடை அடிக்கறேன், எனக்குத் தெரியாமப் போச்சே!"

சாரதாமணி அதை மடக்கித் தூக்கினாள். அலுமினியம். ஒரு கட்டு நூலை விடக் கனம் குறைவு. மறுபடி விரித்துக் கைப்பிடியைப் பிடித்தாள். தொடையில் இல்லை, இடுப்புக்கு வந்தது. இன்னும் கொஞ்சம் வேண்டும்; ஆனால் இன்று தொட்டதிலேயே இதுதான் அவளை மதித்தது.

"துரைசாணி நல்ல உயரமுங்களா?" என்று கேட்டாள்.

"ஒட்டகமாட்ட இருப்பாங்க. உங்களாட்ட..." என்று ஆரம்பித்த கிழவர் பீங்கானைத் துடைக்கத் திரும்பிக்கொண்டார்.

மூன்று கட்டையும் ஏற்றினார்கள். தெருவில், கல் பாவிய இடத்தில், சாக்கடை மூடிமேல் தள்ளினார்கள். கம்பி அசையவில்லை. தண்டாயுதபாணி குனிந்து உட்கார்ந்து துணியை விரலால் நீள வாக்கிலும் அகல வாக்கிலும் இழுத்தான். துணியைப் பொறுத்தவரை அவனிடம் யாரும் பொய் சொல்ல முடியாது.

"துணி போச்சு. வெயில்ல இத்துப்போச்சு. ஒரு மாசத்துல கிழியும். கம்பி உசுரோட இருக்குது. கித்தான்ல வேற தெச்சுக்கலாம்."

"கைப்பிடி?"

"ஈஸ்வரமூர்த்தி சைக்கிள் கடையில பைப்பு உட்டு ஏத்திக்கலாம்."

"அப்ப இதுதான்" என்றாள். சந்தோஷப்பட வேண்டிய இடம் இது என்று அவளுக்குத் தெரிந்தது. தெரிந்ததோடு சரி.

அன்று மாலையே கம்பெனி மிஷினில் அவன் கித்தானை இரட்டையாக மடித்துத் தைத்தான். ஞாயிற்றுக்கிழமை காலையில் ஈஸ்வரமூர்த்தியின் சைக்கிள் கடைக்கு மூவரும் போனார்கள். மருதா ஒரு கவிழ்த்த பெட்டியில் சாய்ந்து உட்கார்ந்து பால்ஸ் குண்டுகள் போட்ட டப்பாவைக் கிலுக்கிக்கொண்டிருந்தாள்.

"நில்லு" என்றான் தண்டாயுதபாணி, கழுத்திலிருந்த டேப்பை எடுத்துக்கொண்டு. சாரதாமணி வண்டி தள்ளுவது போலக் கையை மடக்கி நின்றாள். தரையிலிருந்து உள்ளங்கை வரை முப்பத்தேழு அங்குலம். பழைய பிடி முப்பத்து நாலு. ஈஸ்வரமூர்த்தி வளைந்த பிடிகளைக் கழற்றி, குழாய்க்குள் வேறு குழாய் செருகி, துளை போட்டு, பிடிகளை அதன் தலையில் மறுபடி மாட்டி, போல்ட் முடுக்கினார். அதற்கு முன், குழாயை எத்தனை நீளத்துக்கு அறுப்பது என்று தண்டாயுதபாணி அவர் காதோரம் என்னவோ சொன்னான். அவர் தலையாட்டினார்.

மருதாவை உட்கார வைத்தார்கள். சாரதாமணி கோயில் முக்கு வரைக்கும் தள்ளிக்கொண்டு போய்த் திரும்பினாள். திரும்பி வரும்போதே அடி முதுகில் கத்தி இறங்கியது. தூக்கிக்கொண்டு நடந்தால் வருகிற அதே வலி, அதே இடம்.

வண்டியைக் கடை முன் நிறுத்தினாள். "இதுவும் ஆகாது. கொண்டுபோய் அந்தக் கிழவன்கிட்டயே குடுத்துருங்க. நான் வேலை வேண்டாம்னு எழுதிக் குடுத்தர்றேன்."

வண்டியிலிருந்து மருதா, "இன்னொருக்கா போலாம்மா" என்றாள்.

ஈஸ்வரமூர்த்தி கையைக் கந்தையில் துடைத்தார். "டீச்சரம்மா, கோவிச்சுக்காதீங்க. வண்டி மேல தப்பில்லீங்க. அளவு குடுக்கறப்ப நீங்க நின்னது நிக்கறதாட்டவே இல்லீங்க."

"பின்ன எப்படி நின்னேன்?"

"இப்ப நிக்கறீங்களே, அப்படித்தானுங்க. இடுப்புல புள்ளைய வெச்சாப்பல."

அவள் தன்னைப் பார்த்தாள். மருதா வண்டியில் இருந்தாள். இடுப்பில் யாரும் இல்லை. ஆனால் இடது இடுப்பு புடைத்து வெளியே நின்றது. வலது தோள் இறங்கியிருந்தது. கழுத்து முன்னால் வந்து, முதுகு வளைந்து கிடந்தது.

"அந்தச் சுவத்துல சாஞ்சு நில்லுங்க. குதிகால், முதுகு, தலை. மூணும் படோணும்."

நின்றாள். குதிகால் பட்டது. முதுகு படச் சிறிது நேரமாயிற்று. தலை படவே மறுத்தது. இதெல்லாம் நாலு வருஷத்தில் வந்ததல்ல. பத்தாவது படிக்கும்போது பலகையை மறைக்கிறாள் என்று கடைசி வரிசைக்கு அனுப்பினார்கள். பெண் பார்க்க வந்த அன்றைக்கு அம்மா காதில், "சேலைக்குள்ள முழங்காலைக் கொஞ்சம் மடக்கிக்க கண்ணு, தெரியாது" என்றாள். அன்று மடக்கியதுதான். அப்புறம் யாரும் நீட்டச் சொல்லவில்லை. அவளுக்கும் ஞாபகமில்லை.

தலை சுவரைத் தொட்டது. எங்கெங்கோ நரம்பு இழுத்து வலித்தது. தண்டாயுதபாணி மண்டியிட்டு மறுபடி டேப் பிடித்தான். முப்பத்தொன்பதரை.

"ரெண்டரை அங்குலம்" என்றாள் அவள். "பைப்பை அறுத்தாச்சே. இன்னைக்கு ஞாயித்துக்கிழமை, கடையெல்லாம் பூட்டு. நாளைக்கு எட்டரைக்கு பஸ்."

அவன் போல்ட்டைக் கழற்றிப் பிடியை மேலே இழுத்தான். குழாய் வந்தது. ஓர் அங்குலம், இரண்டு, மூன்று, இன்னும் உள்ளே இருந்தது.

சாரதாமணி அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். "இது எதுக்கு உள்ள உட்டு வெச்சிருந்தீங்க?"

"கட்டிங்குல எப்பவும் கொஞ்சம் உடுவோம். துவைச்சா சுருங்குமில்ல. பழக்கம்."

"இரும்புக் குழாய் எங்க சுருங்குது? நான் கோணி நிக்கறது உங்களுக்குத் தெரியும்."

அவன் போல்ட்டைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டான்.

"தெரிஞ்சும் ஏன் சொல்லல?"

"சொன்னா கடிக்க வருவே" என்றான் அவன், கீழே ஸ்பேனரைத் தேடுகிற பாவனையில். ஸ்பேனர் அவன் கையிலேயே இருந்தது.

ஈஸ்வரமூர்த்தி புதுத் துளை போட்டார். மறுபடி கோயில் முக்கு வரை போய் வந்தாள். வலித்தது. ஆனால் வேறு வலி, வேறு இடம்.

திங்கட்கிழமை பஸ்ஸில் மருதாவை மடியிலும் மடக்கிய வண்டியைக் காலிடுக்கிலும் வைத்துக்கொண்டாள். கண்டக்டர் குனிந்து பார்த்துவிட்டு, "என்னுங்க டீச்சர், ரெட்டைக் குடையா? மழையக் காணமே" என்று டிக்கெட் கிழித்தார்.

மங்கலத்தில் இறங்கி வண்டியை விரித்தாள். தறிச் சத்தம் இரண்டு பக்கமும் கேட்க, செம்மண் சாலையில் தள்ளினாள். நாலு வருஷமாக அவள் கழுத்தில் மூச்சு விட்டுக்கொண்டிருந்த முகம் இப்போது முன்னால், கீழே, சாலையைப் பார்த்துக்கொண்டு போயிற்று. அவளுக்கு உச்சி வகிடு மட்டும் தெரிந்தது.

"அம்மா, இருக்கறயா?" என்றாள் மருதா திரும்பாமல்.

"இருக்கறேன்."

பத்தடி தள்ளி: "அம்மா, இருக்கறயா?"

"இருக்கறேன் கண்ணு."

வேப்பமரம் வரை கேட்டுக்கொண்டே வந்தாள். அதற்கப்புறம் ஓர் ஆட்டுக்குட்டியைப் பார்த்தாள், கேட்க மறந்துவிட்டாள். சாரதாமணியின் இடது கை பிடியை விட்டுத் தானாக இடுப்புக்குப் போய், அங்கே ஒன்றும் இல்லாததைத் தொட்டுவிட்டுத் திரும்பி வந்தது.

பள்ளிக்கூடத்துப் படி இரண்டே. வகுப்பு டீச்சர் பெஞ்சில் இடம் ஒதுக்கினாள். மருதாவை உட்கார வைத்துவிட்டு ஆபீஸ் அறைக்கு வந்தபோது தலைமையாசிரியர் அண்ணாந்து பார்த்தார். முன்பு பார்த்தபோது இவ்வளவு அண்ணாந்ததாக அவருக்கு ஞாபகமில்லை போலும்.

"வண்டியை எங்க வெப்பீங்க டீச்சர்? இங்க இடமே இல்லீங்களே."

ஜன்னல் கம்பியில் அவருடைய கறுப்புக் குடை தொங்கிக்கொண்டிருந்தது. சாரதாமணி வண்டியை மடக்கி, அதன் வளைந்த பிடிகளை அந்தக் குடைக்குப் பக்கத்திலேயே மாட்டினாள். பிறகு வருகைப் பதிவேட்டைத் தன் பக்கம் திருப்பி, குனியாமல், கையில் எடுத்து வைத்துக்கொண்டு, கையெழுத்துப் போட்டாள்.