அடுக்களைச் சுவரில் ஒரு மண்வெட்டி

1

இந்தக் கதை எனக்குக் கிடைத்தது பக்கத்து வீட்டுச் சண்டையிலிருந்து. சாந்தா ஃபே என்கிற ஏரிக்கரைக் கிராமத்தில் எங்கள் இரண்டு வீட்டுக்கும் நடுவே ஒரே மண்சுவர்தான். ஒட்டுக்கேட்கும் சிரமம் இல்லை. பானை செய்கிற ஒப்துலியா தன் புருஷன் நிக்கனோரைப் பார்த்து, "என் சுவர்ல கை வெச்சே, கைய ஒடிச்சிடுவேன்!" என்று கத்தினாள். அந்த ஒரு வாக்கியத்துக்காக எழுத உட்கார்ந்தேன்.

முதலில் எழுதிய தொடக்கம்: 'ஒப்துலியாவின் அடுக்களைச் சுவரில் மண்குவளைகள் பூவாக விரிந்து, ஏரியின் வெளிச்சத்தில் தகதகவென...'

இதை இப்படியே பாதியில் விடுகிறேன். ஓட்டல் விளம்பரம் மாதிரி இருக்கிறது. இங்கே எல்லார் வீட்டுக் குவளையும் சட்டியும் சுவரில்தான் தொங்கும். கல்யாணம் வந்தால் இறக்கி, அதில் குடித்து, கழுவி, மறுபடி மாட்டுவோம். சுவரில் இருப்பதெல்லாம் புழங்குகிற சாமான்தான்.

2

ஒப்துலியாவின் சுவரில் மட்டும் நடுநாயகமாக ஒரு மண்வெட்டி. நிக்கனோருடையது. அவன் எல்லை தாண்டி வடக்கே சிகாகோவுக்கு வேலைக்குப் போன வருஷம் அதை ஆணியில் மாட்டி, சுற்றிலும் குவளைகளை வளையம் வளையமாக அடுக்கினாள். பிடிக்கு எண்ணெய் தடவினாள். வருகிறவர்கள் நின்று பார்த்துவிட்டுத்தான் போவார்கள். ஆனால் மண் வெட்ட வேண்டுமென்றால் என் வீட்டுக்கு வந்து என்னுடையதைக் கேட்பாள்.*

* "அங்க ஒண்ணு தொங்குதே?" என்று ஒருமுறை கேட்டேன். "அது வேலைக்கு இல்லக்கா, பாக்கறதுக்கு" என்றாள்.

பிறகு, கண்ணீரோடு காத்திருக்கும் மனைவியாக அவளை வைத்து ஒரு பக்கம் எழுதினேன். படித்துக் காட்டியதும் சிரித்தாள்.

"காத்திருந்தேன்னு உனக்கு எவ சொன்னா? காத்திருக்கிறவ அந்த எடத்த காலியா வெச்சிருப்பா. எனக்கு அது அழகா இருக்கணும்னு தோணுச்சு. அவ்ளோதான். அந்தக் கண்ணீர எடு."

எடுத்துவிட்டேன்.

3

நிக்கனோர் ஒரு மத்தியானம் தோள்பையோடு வந்து நின்றான். முன்கூட்டி ஒரு தகவலும் இல்லை. அவள் கருப்பு பீன்ஸும் சோள ரொட்டியும் போட்டாள். சாப்பிட்டு முடித்துத்தான் சுவரைப் பார்த்தான்.

"ஏன் புள்ள, நவம்பர்ல செத்தவங்களுக்கு அவங்க சாமானெல்லாம் வெச்சு மேசை போடுவாங்களே, அந்த மாதிரி இருக்கு?"

"செத்தவங்களுக்கு மேசை. இது சுவரு."

"ஊர்ல நான் போய்ச் சேந்துட்டேன்னுல்ல நெனச்சிருப்பாங்க?"

"கொஞ்ச பேரு நெனச்சாங்க. நானும் இல்லேன்னு சொல்லல."

(இந்த இடத்தில் அவன் மனதில் ஓடியதை அரைப் பக்கம் எழுதி அடித்துவிட்டேன். எனக்கெப்படித் தெரியும்? பிறகொரு நாள் அவனே சொன்னதை வைத்துக்கொள்ளுங்கள்: "வீட்டுக்குள்ள நுழைஞ்சா, என் எடத்துல எனக்கு முன்னாடியே நான் இருக்கேன்க்கா. அவன எண்ணெய் போட்டு வளத்திருக்கா. எனக்கு உக்கார ஒரு முக்காலி.")

4

அந்த வாரமே மழை கொட்டியது. ஓடைத் தண்ணீர் சூளைக் கொட்டகைக்குள் புகுந்தது. உள்ளே சந்தைக்காகச் செய்து காயவைத்த பானைகள், இன்னும் சுடாதவை. ஈரம் பட்டால் சேறு. நிக்கனோர் அடுக்களைக்கு ஓடி வந்து மண்வெட்டியை இழுத்தான். அப்போதுதான் அவள் அந்த வாக்கியத்தைக் கத்தினாள். அதற்குள் குவளைகள் கீழே விழுந்து நொறுங்கிவிட்டன.

"அது என்னுது!" என்றாள்.

"என்னுது புள்ள! பிடியில என் கை தேஞ்ச தடம் இருக்கு பாரு!"

"அந்தத் தடம் வெடிக்காம பாத்துக்கிட்டது யாரு? சிகாகோவா?"

"பானை கரையுது. கரையட்டுமா? சொல்லு!"

சுவருக்கு இந்தப் பக்கம் நான் என் மண்வெட்டியைக் கையில் எடுத்துவிட்டேன்.

"போய்த் தொல. சீக்கிரம்" என்றாள்.

நானும் ஓடினேன். கொட்டகையைச் சுற்றி நிக்கனோரும் நானும் வாய்க்கால் வெட்டினோம். ஒப்துலியா பானைகளை மேல்பலகைக்கு ஏற்றினாள். கீழ்வரிசை போய்விட்டது. மற்றவை பிழைத்தன.

5

கதை இங்கே முடிவுக்கு வந்திருக்க வேண்டும். மண்வெட்டி திரும்பவும் சுவர் ஏறுகிறது, அவன் வடக்கே கிளம்புகிறான் என்று ஒன்று எழுதினேன். இருவரும் உடைந்த குவளைகளுக்குப் பதில் புதியவை வனைகிறார்கள் என்று இன்னொன்று, அது சினிமா. இரண்டையும் கிழித்தேன். நடந்ததைச் சொல்கிறேன்.

மண்வெட்டி சேற்றோடு கொட்டகையிலேயே கிடந்தது. இருவருமே அதை எடுக்கவில்லை. சுவரில், புகை படிந்த கருப்புக்கு நடுவே, மண்வெட்டி வடிவத்தில் வெளுத்த இடம். மறுநாள் காலையில் நிக்கனோர் தன் பையிலிருந்து ஓர் இரும்புக் கரண்டியை எடுத்தான். சிகாகோவில் ஓட்டல் அடுப்படியில் முட்டை திருப்பியது; ஒரு பக்க விளிம்பு தேய்ந்து சாய்ந்திருந்தது. முட்டை பொரித்தான். என்னையும் கூப்பிட்டார்கள். நன்றாக இருந்தது.

ஒப்துலியா அந்தக் கரண்டியைக் கழுவித் துடைத்து, தேய்ந்த விளிம்பை விரலால் தடவிப் பார்த்தாள். பிறகு எழுந்துபோய் அந்த வெளுத்த இடத்தில் வைத்துப் பிடித்தாள்.

நிக்கனோரின் முகம் மாறியது. "அத அங்க மாட்டினா... நான் திரும்பப் போயிடணும்னு அர்த்தமா?"

அவள் அவனைப் பார்க்கவில்லை. கையை எடுக்காமல் என் பக்கம் திரும்பினாள்.

"கோணலா இருக்காக்கா?"

நான் அன்று ஏதோ சொன்னேன். அதை எழுதப்போவதில்லை. கரண்டி அவள் கையில் இருக்கிறது, ஆணி சுவரில் இருக்கிறது, அவன் நின்றுகொண்டிருக்கிறான். கொஞ்சம் தள்ளி நின்று பார்த்து, நீங்களே அவளுக்குச் சொல்லுங்கள்.