அசலும் ஆறு டூப்ளிகேட்டும்

என் மாமியார் குர்ஷித் அம்மீ நல்லவர். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இனி சொல்லப்போவதைக் கேட்டபிறகு சொன்னால் நீங்கள் நம்ப மாட்டீர்கள்.

நான் பாய்ஜான் என்று கூப்பிடும் என் அண்ணன் ரிஹானுக்கு இரண்டு கிட்னியும் போய்விட்டன. கிட்னி முழுக்க நீர்க்கட்டிகள் முளைத்து, கொஞ்சம் கொஞ்சமாக அதையே தின்றுவிடுகிற நோய். எங்கள் அப்பாவைக் கொண்டுபோனதும் அதுதான். பாய்ஜானுக்கும் எனக்கும் ஒரே ரத்த குரூப். "நான் தர்றேன்" என்றேன். அன்றைக்கு ஆரம்பித்தது ஆம்பூரில் எங்கள் வீட்டு யுத்தம்.

"இன்னும் ஒரு புள்ள பெக்கல. அதுக்குள்ள வயித்த அறுத்துக் குடுத்துட்டு வர்றேன்ற. உங்க அண்ணனுக்கு நீ மட்டும்தான் கிடைச்சியா?" என்று அம்மீ சத்தம் போட்டார். என் வீட்டுக்காரர் தன்சீல் அகமது பாடு மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி. எங்கள் சத்தம் ஏற ஏற, அவர் வாசலுக்குப் போய் ஏற்கெனவே துடைத்த பைக்கை மறுபடி துடைப்பார்.

சண்டையில் என்னை ஜெயிக்க முடியாது என்று தெரிந்ததும் அம்மீ மேலிடத்துக்குப் போனார். தர்காவில் சமாதிமேல் சாதர் துணி போர்த்துவதாக நேர்ந்துகொண்டார். "யா அல்லாஹ், என் மருமக கிட்னி ஆகாதுன்னு ரிப்போர்ட் வரணும்." ஒவ்வொரு தொழுகைக்குப் பிறகும் கையேந்தி, நானும் கேட்கவேண்டும் என்றே உரக்கச் சொல்வார். நான் ஒருநாளும் ஆமீன் சொன்னதில்லை.

திமிர் என்று அவர் நினைத்தார். எனக்குப் பயம். ஏனென்றால் என் விஷயத்தில் 'ஆகாது' என்பதற்கு ஒரே ஓர் அர்த்தம்தான் இருந்தது: அந்த நோய் எனக்கும் இருக்கிறது. அது பரம்பரையில் இறங்கும் என்று என் புகுந்த வீட்டில் யாருக்கும் தெரியாது. நிக்காஹ் பேச்சின்போது அப்பா பிரஷரில் போனதாகச் சொல்லியிருந்தோம். பொய்யில்லை, பிரஷரும் இருந்தது. இப்போது அதை எந்த வாயால் திருத்துவது? அம்மீ கை ஏந்தும்போதெல்லாம் நான் எழுந்து சமையல்கட்டுக்குப் போய்விடுவேன். என்னைக் காப்பாற்றுவதாக நினைத்து, எனக்கு நோயைக் கேட்டுக்கொண்டிருந்தார் அந்தப் புண்ணியவதி.

ஸ்கேனில் என் கிட்னியில் இரண்டு சின்னக் கட்டிகள் தெரிந்தன. இருக்கிறது என்றும் சொல்ல முடியாது, இல்லை என்றும் சொல்ல முடியாது என்றார்கள். ரத்தம் எடுத்து ஜீன் டெஸ்ட் செய்தார்கள். அதிலும் இழுபறி. வேலூர் ஆஸ்பத்திரியில் எங்களுக்கு விவரம் சொல்கிற டாக்டர் பூர்ணிமா பொறுமையாக விளக்கினார்.

"இந்த நோய்க்கான ஜீன் ஒண்ணுதான் அசல், இரம். ஆனா அதே மாதிரியே ஆறு டூப்ளிகேட் நம்ம உடம்புலயே இருக்கு. அதுங்களால எந்த வேலையும் நடக்கறதில்ல. உங்க அண்ணனுக்கு அசல்ல ஒரு பிழை இருக்கு. உங்களுக்கும் அதே பிழை தெரியுது. ஆனா இந்த டெஸ்ட்ல டிஎன்ஏவைத் துண்டு துண்டாக்கித்தான் படிக்கறோம். அந்தத் துண்டு அசலோடதா, டூப்ளிகேட்டோடதான்னு சொல்ல முடியல. துண்டு போடாம நீளமாப் படிக்கற மெஷின் இருக்கு. அதுல தெரிஞ்சுடும்."

எனக்கு உடனே புரிந்தது. நான் ஷூ கம்பெனியில் செக்கிங் பிரிவில் இருக்கிறேன். எங்கள் ஷூவுக்கே வெளியில் டூப்ளிகேட் ஓடுகிறது. கையகலத் தோல்துண்டைக் காட்டி எங்கள் சரக்கா என்று கேட்டால் நானும் முழிப்பேன். முழு ஷூவையும் கொடுத்தால், தையல் எங்கே திரும்புகிறது என்று பார்த்துச் சொல்லிவிடுவேன். டூப்ளிகேட்டில் எத்தனை ஓட்டை இருந்தால் யாருக்கு நஷ்டம்? அசல் நன்றாக இருந்தால் போதும்.

டூப்ளிகேட்டைக் கண்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும். அந்த நான், பிழை டூப்ளிகேட்டில் இருக்கட்டும் என்று துவா கேட்க ஆரம்பித்தேன். ஒரே அறையில் பக்கத்துப் பக்கத்தில் தொழுகைக்கு விரித்த இரண்டு முசல்லா. ஒன்றில் அம்மீ ஆகாது என்று கேட்டார், இன்னொன்றில் நான் ஆகும் என்று கேட்டேன்.

அந்த மெஷினில் படித்த ரிப்போர்ட் வந்திருப்பதாக போன் வந்த அன்று என் வீட்டுக்காரருக்கு டூட்டி, லீவு கிடைக்கவில்லை. அம்மீ காவலுக்கு வந்தார். எங்கே கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிடுவேனோ என்று சந்தேகம். பஸ்ஸில் பள்ளிகொண்டா தாண்டும்வரை தஸ்பீஹ் மணிகள் அவர் விரலில் ஓடிக்கொண்டே இருந்தன. இப்போதாவது சொல்லிவிடலாம் என்று இரண்டு முறை அவர் பக்கம் திரும்பினேன். "இன்னாம்மா, வாந்தி வருதா?" என்று கேட்டு, பையிலிருந்து எலுமிச்சம்பழத்தை எடுத்து நீட்டினார்.

பூர்ணிமா எங்களை உட்காரச் சொல்லி முதலில் தண்ணீர் கொடுத்தார். தண்ணீரைப் பார்த்ததுமே எனக்குத் தெரிந்துவிட்டது.

"இந்தத் தடவ தெளிவா வந்துடுச்சு, இரம். பிழை அசல்லதான் இருக்கு. நீங்க கிட்னி குடுக்க முடியாது."

"அல்ஹம்துலில்லாஹ்!" என்றார் அம்மீ.

அறை முழுக்கக் கேட்டது. இரண்டு கையையும் மேலே தூக்கினார், கண்ணில் தண்ணீர் கொட்டுகிறது. "என் துவா பலிச்சிடுச்சு. பொழச்சோம்மா, பொழச்சோம்." பூர்ணிமா என்னைப் பார்த்தார். எனக்கு வந்த கோபத்தில் அந்தத் தம்ளரைச் சுவரில் அடித்திருப்பேன்.

"எதுக்கு அல்ஹம்துலில்லாஹ்? ஆகாதுன்னா இன்னா அர்த்தம் தெரியுமா அம்மீ? பாய்ஜானுக்கு வந்தது எனக்கும் இருக்கு. எங்க அப்பாவுக்கும் அதான். பிரஷர் இல்ல."

"உனக்கா? நீ நல்லாத்தானே இருக்கே?"

"இப்போ நல்லாத்தான் இருக்காங்க," என்றார் பூர்ணிமா. "பிரஷரப் பாத்துக்கிட்டா, வருஷா வருஷம் செக் பண்ணா, ரொம்ப நாள் தள்ளிப்போடலாம். புள்ள பெத்துக்கறதுக்கும் வழி இருக்கு, பேசலாம். ஆனா நோய் இருக்கும்மா."

அம்மீயின் தூக்கிய கைகள் இறங்கவில்லை. அவற்றை என்ன செய்வது என்று தெரியாதவர்போல் பார்த்துக்கொண்டிருந்தார். அப்பா விஷயத்தை ஏன் மறைத்தாய் என்று ஒரு வார்த்தை கேட்பார் என்று காத்திருந்தேன். கேட்கவே இல்லை.

கீழே டயாலிசிஸ் வார்டில் பாய்ஜான் படுத்திருந்தார். அவரிடம் அம்மீ பேசி மாதக்கணக்காகிறது. கிட்னித் திருடன் என்றுதான் வீட்டில் பெயர். அன்று அம்மீ என்னோடு உள்ளே வந்து கட்டில் ஓரம் நின்றார்.

"இன்னா சொன்னாங்க?" என்று கேட்டார் பாய்ஜான்.

"அசல்."

பாய்ஜான் கண்ணை மூடிக்கொண்டார். தண்ணீர் காதோரம் வழிந்தது. தனக்காக அழுகிறார் என்று அந்த நொடியில் நினைத்தேன்.

"நீ குடுக்கலாம்னு வரணும்னு தினமும் துவா கேட்டேன்," என்றார். பிறகு அம்மீயைப் பார்த்தார். "கிட்னிக்காக இல்ல அம்மீ. இவ நல்லாருக்கான்னு தெரிஞ்சா போதும்னு. ஆகும்னு வந்திருந்தாலும், வாங்கியிருக்க மாட்டேன்."

அம்மீ கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டார். பிறகு சின்னப் பிள்ளை கேட்பதுபோல் என்னிடம் கேட்டார்.

"கேட்டது கிடைச்சிடுச்சே இரம். நேர்ந்துக்கிட்ட சாதரப் போடணுமா?"

கேலியில்லை. கடன் வைக்காத மனுஷி, நிஜமாகவே கேட்டார். என் கோபமெல்லாம் எங்கே போனதோ தெரியவில்லை, அழுகைதான் வந்தது.

"போடுங்க. வாக்கு வாக்குதான். ஆனா இனிமே எனக்காகக் கேக்கறதா இருந்தா, இன்னா வேணும்னு எங்கிட்ட கேட்டுட்டு அப்புறம் அல்லாகிட்ட கேளுங்க."

"சரி, சொல்லு. இன்னா கேக்கட்டும்?"

"ரெண்டு கிட்னி கேளுங்க. இப்போ ஒண்ணு இவருக்கு. அப்புறமா ஒண்ணு எனக்கு."

பாய்ஜான் சிரித்துவிட்டார். அம்மீ சிரிக்கவில்லை. முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு, நர்ஸுகள் பார்க்கப் பார்க்க, அங்கேயே கையேந்தி, நான் சொன்னதை ஒரு வார்த்தை மாறாமல் கேட்டார்.

இந்தத் தடவை நான் ஆமீன் சொன்னேன்.