பந்தல் கம்பியில் கட்டிய வயர்

மேகமலைப் பக்கம் முதல் இடி இடித்தபோது நான் மாடி அறையில் ஆபீஸ் மீட்டிங்கில் இருந்தேன். கண் தானாக ஜன்னலுக்குப் போனது. அதன் வழியாக உள்ளே வரும் நீல வயர் நாலு மாத வெயிலில் தோல் வெடித்து, உள்கம்பி பல்லைக் காட்டிக்கொண்டிருந்தது.

எங்கள் காமயகவுண்டன்பட்டி வீட்டில் வைஃபை மாடிக்கு எட்டாது. நெட் இல்லாவிட்டால் எனக்கு வேலை இல்லை. சுவரில் துளை போட்டு வயரை உள்ளுக்குள்ளேயே இழுத்திருந்தால் முடிந்தது கதை. ஆனால் நெட்காரப் பையன் கிங்ஸ்லி டிரில்லிங் மெஷினை எடுத்ததுமே என் மாமியார் கஸ்தூரியம்மாள் மறித்து நின்றுவிட்டார்.

“மாசமா இருக்கவ வீட்டுல செவுத்தை ஓட்டை போடுவியாடா? வயித்துப் புள்ளைக்கு ஆகாதுன்னு பெரியவுக சும்மாவா சொன்னாக?”

“ரெண்டு ஆணியாச்சும் அடிச்சுக்கிறேம்மா.”

“ஆணியும் ஆகாது.”

என் வீட்டுக்காரர் அவர் அம்மா முன்னால் வாயைத் திறந்தால் அல்லவா! கடைசியில் வயரை ஹால் ஜன்னல் வழியாக வெளியே எடுத்து, வீட்டை ஒட்டிய திராட்சைப் பந்தல் கம்பியோடு சேர்த்துக் கட்டி, மாடி ஜன்னலுக்கு ஏற்றினார்கள்.

“அக்கா, இது வீட்டுக்குள்ள ஓடுற வயரு. வெயிலு மழை தாங்காது. பந்தல் பூரா இரும்புக்கம்பி வேற. இடி இடிச்சா மொதல்ல இதைப் புடுங்கி வெளிய போட்டுருங்க. காத்தே இல்லாம தலைமுடி மேல எழும்புச்சுன்னா அந்த எடத்துலதான் இடி எறங்கப் போகுதுன்னு அர்த்தம்” என்று கிங்ஸ்லி என்னிடம் சொல்லிவிட்டுப் போனான்.

அடுத்த இடி கிட்டத்தில் விழுந்தது. மீட்டிங்காவது மண்ணாங்கட்டியாவது என்று லேப்டாப்பிலிருந்து வயரைப் பிடித்து இழுத்தேன். வரவில்லை. போன மழையின் தண்ணீர் வயர் வழியாகவே இறங்கி, முனையில் பச்சைக் களிம்பு ஏறி இறுகியிருந்தது. வயிற்றுக்குள் பிள்ளை உதைத்தது. தொலையட்டும் என்று விட்டுவிட்டு எழுந்தபோதுதான் கீழே பார்த்தேன்.

பிறக்கப்போகும் பிள்ளைக்காக மாமனாரின் பழைய வேட்டிகளைக் கிழித்துத் துவைத்து, அத்தை பந்தல் கம்பியில் காயப் போட்டிருந்தார். மழைக்கு முன்னால் ஒவ்வொன்றாக எடுத்துக்கொண்டிருந்தார்.

“அத்தை! கம்பியைத் தொடாதீங்க! உள்ள வாங்க!”

“இந்தா, ஒரு துணிதேன் ஆத்தா. நீ சன்னலைச் சாத்து. புள்ளைத்தாச்சி மின்னலைப் பாக்கக் கூடாது.”

சாத்தப் பார்த்தேன். நடுவில் வயர் கிடந்ததால் கதவு சேரவில்லை. அந்த இடுக்கு வழியாகவே மறுபடியும் கத்தினேன். அத்தை ஒரு கையால் பந்தல் கம்பியைப் பிடித்துக்கொண்டு, எக்கி, கடைசித் துணியை எட்டினார். ஓர் இலைகூட அசையவில்லை. அவர் கொண்டையிலிருந்து பிரிந்திருந்த நரைமுடி மட்டும் மெல்ல மேலே எழும்பியது.