பில்லை எழுத்து

ஓவியா வரைந்த எழுத்துக்கு அன்றைக்குப் பரீட்சை. அம்மா அதைப் படித்துத் தேறினால், தங்கச் சுரங்க ஊரான கோரமண்டலில் தன் வீட்டிலேயே இருக்கலாம். தேறாவிட்டால் மாலை ரயிலில் அண்ணன் வேந்தனோடு பெங்களூருக்குக் கிளம்ப வேண்டியதுதான்.

போன வாரம் காய்ச்சலில் கிடந்த அம்மா, மங்கிய கண்ணுக்கு 3 எது 8 எது என்று தெரியாமல், மகனுக்குப் பதில் எவனுக்கோ போன் போட்டு அழுதிருக்கிறாள். வேந்தன் குதித்தான். குதிக்க மாட்டானா பின்னே?

"கண்ணு தெரியாம தனியா இன்னா பண்ணுவ? என்கூட வந்துடு."

"செத்தாலும் இங்கதான்டா!"

ஓவியாவுக்கு எழுத்துரு வடிவமைக்கும் வேலை. மறைந்த அப்பா அசோகனின் எண் பொறித்த பித்தளைப் பில்லை வீட்டில் இருந்தது. அவர் சுரங்கத்தில் இறங்கும்போது கூடவே போகும். அவர் மேலே வந்ததும் டைம் ஆபீஸ் ஜன்னலுக்குள் இருக்கும் பலகையில் தொங்கும். ஷிப்ட் முடிந்து சங்கு ஊதியதும் அம்மா ஓவியாவை இடுப்பில் தூக்கிக்கொண்டு அந்த ஜன்னலுக்கு ஓடுவாள். 3118 தொங்கினால்தான் அவளுக்கு மூச்சே வரும்.

அந்த நான்கு இலக்கத்தைப் பார்த்துத்தான் ஓவியா மற்ற எல்லா எழுத்தையும் வரைந்தாள். தடித்த கோடு. நெளிவு, அலங்காரம் ஒன்றும் கிடையாது. சுரங்கத் தொழிலாளிகளின் லைன் வீடுகளைப் போல எல்லா எழுத்துக்கும் ஒரே அகல அறை. ஒல்லி 1 காலை அகட்டி நின்று தன் அறையை நிரப்பும். 3 வாயை நன்றாகத் திறந்திருக்கும், 8 என்று யாரும் ஏமாற முடியாது. தமிழ் 'ண'வை உள்ளே உட்கார வைப்பதற்குள்தான் போதும் போதும் என்றாகிவிட்டது.

அம்மாவின் போனில் எழுத்தை மாற்றினாள். பதற்றத்தில் வேறெதுவும் தோன்றாமல், எழுத்தைச் சோதிக்க வழக்கமாக அடிக்கும் எண்ணையே செய்தியாக அனுப்பினாள்.

அம்மா போனைப் பார்த்தாள். எழுந்து உள்ளே போய்ப் பெரிய குண்டானில் தண்ணீர் பிடித்து அடுப்பில் ஏற்றினாள்.

"பாத்தியா? படிக்கவும் இல்ல, புத்தியும் தடுமாறுது," என்றான் வேந்தன்.

ஓவியா பின்னாலேயே போனாள். "இன்னாம்மா பண்ற?"

அம்மா நாக்கைக் கடித்துக்கொண்டாள். "உங்கப்பா பில்லை தெரிஞ்சுதா... மனுசன் மேல வந்துட்டாரு, குளிக்கச் சுடுதண்ணி வெக்கணுமேன்னு கை பாட்டுக்கு வெச்சிடுச்சு. முப்பத்தொண்ணு பதினெட்டு. சரிதானே?"

ஓவியா தலையாட்டினாள்.

"கண்ணு மங்குனதுலருந்து பில்லையத் தடவித்தான் பாக்குறேன். இன்னிக்குத்தான்டி கண்ணால பாத்தேன்," என்று அழுதாள். பிறகு துண்டை எடுத்து வேந்தன் தோளில் போட்டாள். "தண்ணி வீணாப் போவக்கூடாது. போய்க் குளிடா."

அவன் துண்டோடு குளிக்கப் போனான்.

மாலை ரயிலில் வேந்தன் தனியாகத்தான் ஏறினான். ராத்திரி அம்மாவின் போன் சிணுங்கியது, ஊர் போய்ச் சேர்ந்த வேந்தனின் செய்தி. ஓவியா கை நீட்டினாள், அம்மா கொடுக்கவில்லை. தானே தூக்கிப் பிடித்து, ஒவ்வொரு எழுத்தாகச் சத்தம் போட்டுப் படித்தாள்.

"மேல வந்துட்டேன்மா."